தனியாகப் பூட்டப்படும் பதிவுகள்

மருத்துவமனைகளின் பதிவேட்டுப் பிரிவுக்கு நாள்தோறும் வரும் கோரிக்கைகளில் பெரும்பாலானவை ஒரே வகையைச் சேர்ந்தவை: ஒருவருடைய சிகிச்சைப் பதிவுகளை இன்னொருவர் கேட்கிறார். காப்பீட்டு நிறுவனம் கேட்கும். விபத்து வழக்கு நடத்தும் வழக்கறிஞர் கேட்பார். வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தவரின் புதிய மருத்துவர் கேட்பார். மணமுறிவு வழக்கில் குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்று வாதாடும் ஒரு தரப்பு, மறு தரப்பின் பதிவுகளைக் கேட்கும். அமெரிக்காவில் இத்தகைய கோரிக்கைகளைப் படித்து, எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று பிரிக்கும் வேலையில் இருப்பவன் நான். ஒரே நோயாளியின் முழங்கால் அறுவைச் சிகிச்சைப் பதிவு ஒரு சட்டத்தின் கீழும், அவர் போதைப் பழக்கத்திலிருந்து மீள எடுத்துக்கொண்ட சிகிச்சையின் பதிவு இன்னொரு சட்டத்தின் கீழும் வருவது இத்துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு அநேகமாகத் தெரிவதில்லை. அந்த இரண்டாவது சட்டம் எதற்காக வந்தது, யாரிடமிருந்து யாரைக் காக்கிறது என்று எழுத நெடுநாளாக நினைத்திருந்தேன். அதன் விதிகள் அண்மையில் பெரிதாக மாறியிருப்பதால் இப்போது எழுதுகிறேன்.

முதலில், பொதுவான மருத்துவப் பதிவுகளுக்குப் பொருந்தும், அமெரிக்காவில் எல்லோரும் பெயர் அறிந்த சட்டம். ஹிப்பா என்று சுருக்கமாக அழைக்கப்படும் சட்டம் 1996இல் நிறைவேறியது. அதன் கீழ் எழுதப்பட்ட தனியுரிமை விதிகள் 2003 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. நோயாளியின் கையெழுத்து இல்லாமல் எந்தக் காகிதமும் வெளியே போகாது என்பதுதான் ஹிப்பா என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த விதிகளில் பெரும்பகுதி, கையெழுத்து இல்லாமலே எப்போதெல்லாம் கொடுக்கலாம் என்பதைத்தான் வரையறுக்கிறது. சிகிச்சைக்காக இன்னொரு மருத்துவருக்கும், கட்டணத்திற்காகக் காப்பீட்டு நிறுவனத்திற்கும், மருத்துவமனையின் உள் நிர்வாகத் தேவைகளுக்கும் தனி ஒப்புதல் வேண்டியதில்லை. வழக்கறிஞர் அனுப்பும் அழைப்பாணைக்கும், நோயாளிக்கு முறையாகத் தெரிவிக்கப்பட்டது என்பதற்கான உறுதி இருந்தால், பதிவுகளைக் கொடுக்கலாம். தேடப்படும் ஒருவரை அடையாளம் காணக் காவல்துறை கேட்டால், சில விவரங்களைக் கொடுக்கவும் இடமுண்டு. சிறுநீரகக் கல்லுக்கும் எலும்பு முறிவுக்கும் இந்த ஏற்பாடு போதும் என்றே நினைக்கிறேன்.

போதை மீட்புச் சிகிச்சைப் பதிவுகளுக்கான சட்டம் ஹிப்பாவைவிடக் கால் நூற்றாண்டு மூத்தது. மதுப் பழக்கத்திற்குச் சிகிச்சை பெறுவோரைப் பற்றி 1970இலும், போதைப்பொருள் பழக்கத்திற்குச் சிகிச்சை பெறுவோரைப் பற்றி 1972இலும் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அவற்றிற்கான விதிகள் 1975இல் வந்தன. கூட்டாட்சி விதித்தொகுப்பின் 42ஆம் தலைப்பில் 2ஆம் பகுதியாக அவை இருப்பதால், எங்கள் துறையில் அதைப் ‘பார்ட் டூ’ என்றே சொல்லுவோம். இரு சட்டங்களிலும் கையெழுத்திட்டவர் அதிபர் நிக்சன். போதைப்பொருள் பழக்கம் நாட்டின் முதல் எதிரி என்று 1971 ஜூனில் அறிவித்தவரும் அவர்தான். வியட்நாமில் ஹெராயினுக்குப் பழகிய படைவீரர்கள் நாடு திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. சிறையைக் காட்டி மட்டும் அவர்களைச் சிகிச்சைக்கு வரவழைக்க முடியாது என்பது அந்த அரசுக்கும் தெரிந்திருந்தது.

காரணம் எளியது. நீரிழிவுக்காரர் மருத்துவரிடம் உண்மையைச் சொன்னால், அவருக்கு அதிகபட்சம் ஒரு கண்டிப்பு கிடைக்கும். ஹெராயின் பழக்கமுள்ளவர் மருத்துவரிடம் உண்மையைச் சொன்னால், அவர் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். அதை மருத்துவர் தேதியிட்டு எழுதியும் வைக்கிறார். எவ்வளவு, எத்தனை நாளாக, யாரோடு சேர்ந்து, கையில் குழந்தை இருக்கும்போதா, வண்டி ஓட்டும்போதா என்று சிகிச்சைக்குத் தேவையான ஒவ்வொரு கேள்விக்குமான பதிலும் வழக்கு, வேலை, வீடு, குழந்தையின் பொறுப்பு ஆகியவற்றில் ஏதோ ஒன்றைப் பறிக்கப் போதுமானது. சிகிச்சை தேடி வந்தவர், வந்த காரணத்தாலேயே, வராமல் இருப்பவரைவிட அதிக ஆபத்துக்கு உள்ளாகக் கூடாது என்பதுதான் பார்ட் டூவின் அடிப்படை. விதிகளிலேயே இந்தக் கருத்து எழுதப்பட்டிருக்கிறது. மற்றவை எல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

அந்தச் சட்டம் வந்த வேகத்திலேயே சோதனைக்கும் உள்ளானது. 1972இல் மன்ஹாட்டனில் ஒரு கொலை நடந்தது. ஹெராயின் பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்கு மெத்தடோன் என்ற மாற்று மருந்தைத் தரும் மையம் ஒன்றில் கொலையாளியை முன்பு பார்த்திருப்பதாகச் சாட்சி ஒருவர் சொன்னார். உடனே அரசு வழக்கறிஞர் தரப்பு, அந்த மையத்தில் சிகிச்சை பெறும் 21 முதல் 35 வயது வரையிலான கறுப்பின ஆண்கள் அனைவரின் புகைப்படங்களையும் ஒப்படைக்கச் சொல்லி அழைப்பாணை அனுப்பியது. நியூயார்க் நகரின் மெத்தடோன் சிகிச்சைத் திட்டத்தை நடத்திவந்த மருத்துவர் ராபர்ட் நியூமன் மறுத்தார். நீதிமன்ற அவமதிப்புக்காக அவருக்கு 30 நாள் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மாநிலத்தின் உயர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1973இல் அந்தத் தண்டனையை ரத்து செய்து, படங்களைத் தராதது சரியே என்று தீர்ப்பளித்தது. இந்த வழக்கில் என்னை உறுத்துவது கேட்கப்பட்டதன் அளவு. ஒரு சந்தேக நபரைத் தேடும் பெயரில், மருந்து வாங்க வரிசையில் நின்ற ஓர் இனத்து இளைஞர்கள் எல்லோருடைய முகங்களும் காவல் நிலைய மேசைக்குப் போயிருக்கும். அதன் பிறகு அந்த வரிசையில் யார் நிற்பார்?

காவல்துறைக்கும் மருத்துவமனைக்கும் இடையே சுவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென் கரோலினாவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சார்ல்ஸ்டன் நகரின் அரசு மருத்துவப் பல்கலைக்கழக மருத்துவமனையில், 1989இல் தொடங்கிய ஏற்பாட்டின்படி, கர்ப்பிணிகள் சிலரின் சிறுநீரில் கொக்கெயின் இருக்கிறதா என்று அவர்களுடைய சம்மதமின்றிச் சோதித்து, முடிவைக் காவல்துறைக்குக் கொடுத்தார்கள். பெண்கள் கைதானார்கள், பிரசவித்த கையோடு கொண்டுபோகப்பட்டவர்களும் உண்டு. 2001 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், ஆறு நீதிபதிகள் ஒரு பக்கமும் மூவர் மறுபக்கமுமாக, இது அரசமைப்புச் சட்டம் தடுக்கும் முறையற்ற சோதனை என்று தீர்ப்பளித்தது. ஆனால் அந்த ஏற்பாடு நடந்த ஆண்டுகளில் பிரசவத்திற்கு முந்தைய பரிசோதனைக்கே வராமல் வீட்டில் இருந்துவிட்டவர்களை எந்தத் தீர்ப்பும் எண்ணிச் சொல்ல முடியாது.

பார்ட் டூ அன்றாடத்தில் எப்படி இருக்கும் என்பதைத் தொலைபேசி மணி அடிக்கும்போது பார்க்கலாம். “என் தம்பி அங்கே சேர்ந்திருக்கிறானா, நலமாக இருக்கிறானா, அது மட்டும் சொல்லுங்கள்” என்று ஓர் அக்கா அழுதுகொண்டே கேட்பார். வரவேற்பு மேசையில் இருப்பவர் “அந்தப் பெயரில் ஒருவர் இங்கே இருக்கிறார் என்றோ இல்லை என்றோ என்னால் சொல்ல இயலாது” என்பார். தம்பி அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தாலும் இதே பதில்தான். அவர் அங்கே காலடியே வைத்ததில்லை என்றாலும் இதே பதில்தான். இல்லாதவரை ‘இல்லை’ என்று சொல்லத் தொடங்கினால், பதில் சொல்ல மறுப்பதே ‘இருக்கிறார்’ என்றாகிவிடும். பொது மருத்துவமனையில் ஒருவர் படுத்திருக்கிறார் என்பது செய்தியே ஆகாது. போதை மீட்பு மையத்தில் ஒருவர் இருக்கிறார் என்பதே அவருடைய நோயைச் சொல்லிவிடுகிறது. இந்தப் பதிலைக் கல்நெஞ்சம் என்று திட்டாத உறவினர் குறைவு. அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை; ஆனால் அதே குரலில், அதே அழுகையோடு, அடித்துத் துன்புறுத்திய கணவனும், கடன் வசூலிப்பவனும் கூப்பிடுவதுண்டு.

இந்த மையங்களிலிருந்து பதிவு வெளியே போக எழுத்தில் ஒப்புதல் வேண்டும். கட்டணத்திற்காகக் காப்பீட்டு நிறுவனத்திற்கு அனுப்புவதற்கும்கூட வேண்டும். ஹிப்பாவுக்கும் இதற்கும் உள்ள முதல் வேறுபாடு அதுவே. யாருடைய பதிவு, யார் கொடுப்பது, யாருக்கு, எந்தெந்தப் பகுதி, எந்த நோக்கத்திற்கு, எப்போது காலாவதியாகும், எப்படித் திரும்பப் பெறலாம் என்பனவெல்லாம் படிவத்தில் இருந்தாக வேண்டும். “எல்லாப் பதிவுகளையும் யாருக்கும் கொடுக்கலாம்” என்று ஒரே வரியில் எழுதி வரும் படிவங்களைத் திருப்பி அனுப்புவது எங்கள் வேலையில் பாதி. அனுப்பும் கட்டோடு, இதை மேலும் பிறருக்குக் கொடுப்பதற்குக் கூட்டாட்சி விதிகள் வரம்பு விதிக்கின்றன என்ற அறிவிப்பும் சேர்ந்தே போகும்.

விலக்குகளும் உண்டு. மயங்கிக் கிடப்பவரைக் காப்பாற்றும் மருத்துவருக்கு உடனே சொல்லலாம். யாருக்கு, எப்போது, என்ன அவசரத்தால் சொன்னோம் என்பதைப் பின்னர் எழுதி வைக்க வேண்டும். குழந்தைத் துன்புறுத்தலைப் பற்றிய முதல் புகாரைத் தரலாம். மையத்திற்குள்ளேயோ ஊழியர் மீதோ குற்றம் நடந்தால் காவல்துறைக்குச் சொல்லலாம். இவற்றைத் தவிர நோயாளிக்கு எதிராகப் பதிவைப் பெற விரும்புகிறவர் நீதிபதியிடம் போய்த்தான் ஆக வேண்டும். வழக்கறிஞரின் அழைப்பாணை மட்டும் செல்லாது. நீதிபதியும் வேறு வழியில் அந்தத் தகவல் கிடைக்குமா, பொதுநன்மை நோயாளிக்கு நேரும் தீங்கைவிடப் பெரியதா என்று பார்த்த பிறகே ஆணையிட வேண்டும். நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக என்றால், குற்றம் மிகக் கடுமையானதாகவும் இருக்க வேண்டும்.

இத்தனை வலுவான சட்டத்தில் ஒரு விசித்திரமும் இருக்கிறது. இது நோயோடு ஒட்டியிருப்பதில்லை, இடத்தோடு ஒட்டியிருக்கிறது. போதை மீட்புச் சிகிச்சை அளிப்பதாகத் தன்னை அறிவித்துக்கொண்டு, கூட்டாட்சி அரசின் உதவியையோ உரிமத்தையோ பெற்று நடக்கும் மையங்களும் பிரிவுகளுமே பார்ட் டூவின் கீழ் வருகின்றன. ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகைப் பொருளை அளவுக்கு மீறி எடுத்து மூச்சு நின்றுபோனவரை அவசரப் பிரிவில் நலோக்சோன் ஊசி போட்டு எழுப்பினால், அந்தப் பதிவு வெறும் ஹிப்பா பதிவு. அதே மனிதர் மறுவாரம் மெத்தடோன் மையத்தில் சேர்ந்தால், அங்கே எழுதப்படுவது பார்ட் டூ பதிவு. இரண்டிலும் இருக்கும் தகவல் ஒன்றேதான். எனக்கு இது ஒருபோதும் நியாயமாகப் பட்டதில்லை.

இந்தப் பூட்டினால் உயிர் போகாதா என்ற கேள்விக்கு மேற்கு வர்ஜீனியாவின் ஜெசிக்கா கிரப் நினைவுக்கு வருவார். ஹெராயின் பழக்கத்திலிருந்து மீண்டுவந்த இளம்பெண் அவர். 2016இல் ஓர் அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்ந்தபோது, தான் மீண்டுவருபவள் என்பதை அவரும் பெற்றோரும் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பிய மருத்துவருக்கு அது போய்ச் சேரவில்லை. ஓபியாய்டு வகை வலிநிவாரணியான ஆக்சிகோடோன் மாத்திரைகள் 50க்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஜெசிக்கா இறந்துபோனார். அவருடைய பெயரால் முன்வைக்கப்பட்ட மசோதாதான் பின்னர் பார்ட் டூவைத் தளர்த்திய திருத்தத்தின் ஊற்றுக்கண். ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நோயாளியும் பெற்றோரும் வாய்விட்டுச் சொன்ன தகவல் ஒரே மருத்துவமனைக்குள் கைமாறாமல் போனதுதான் அந்தச் சாவுக்கு வழிவகுத்தது, ரகசியச் சட்டம் குறுக்கே நின்றதாகத் தெரியவில்லை. ஆயினும் மருத்துவர்களின் குறை பொய்யல்ல. மெத்தடோன் மையத்தில் நேரடியாக வழங்கும் மருந்து, மருந்துக்கடைகளிலிருந்து தொகுக்கப்படும் மாநிலக் கண்காணிப்புப் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. அதை அறியாத மருத்துவர் அதனோடு ஒவ்வாத மருந்தைக் கொடுத்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம்.

திருத்தம் 2020 மார்ச்சில், கொரோனா நிவாரணச் சட்டத்தின் உள்ளே ஒரு பிரிவாக வந்தது. அதற்கான இறுதி விதிகள் 2024 பிப்ரவரியில் வெளியாகி, 2026 பிப்ரவரி 16 முதல் கட்டாயமாயின. இனி நோயாளி ஒரே ஒரு முறை கையெழுத்திட்டால், சிகிச்சை, கட்டணம், நிர்வாகம் ஆகியவற்றுக்காக வருங்காலத்தில் நடக்கும் பரிமாற்றங்கள் அனைத்துக்கும் அது போதும். பெற்றுக்கொண்ட மருத்துவமனை, ஹிப்பாவின்படி அதை மேலும் பகிரலாம். மற்ற பதிவுகளிலிருந்து அதைப் பிரித்து வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இதற்கு ஈடாகச் சில காப்புகள் கூடின. பதிவு கசிந்தால் நோயாளிக்குத் தெரிவித்தாக வேண்டும். மீறலுக்கு ஹிப்பாவின் அபராதங்கள் பொருந்தும். ஆலோசகர் தனியாக எழுதி வைக்கும் உரையாடல் குறிப்புகளுக்குத் தனி ஒப்புதல் வேண்டும். முக்கியமான சுவர் அப்படியே நிற்கிறது: பதிவு எத்தனை கை மாறினாலும், நோயாளியின் ஒப்புதலோ நீதிமன்ற ஆணையோ இல்லாமல் உரிமையியல், குற்றவியல், நிர்வாக விசாரணை எதிலும் அதை அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது.

இந்தச் சமரசத்தை நான் ஏற்கிறேன். மருத்துவரிடமிருந்து மறைப்பது இந்தச் சட்டத்தின் உயிர்நாடி என்று நான் கருதியதில்லை. நோயாளிக்கு எதிராகத் திருப்பப்படாமல் தடுப்பதே உயிர்நாடி. ஆயினும் அந்த ஒற்றைக் கையெழுத்து எந்த நேரத்தில் வாங்கப்படுகிறது என்பது என்னை உறுத்துகிறது. சேர்க்கை நாளில், போதை இறங்கும் நடுக்கத்தோடு, மூக்கில் நீர் ஒழுக, ஒரு படுக்கை கிடைத்தால் போதும் என்று உட்கார்ந்திருப்பவர் முன் கட்டாகப் படிவங்களை வைத்து, மஞ்சள் ஒட்டுச்சீட்டு இருக்கும் இடத்திலெல்லாம் கையெழுத்திடச் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஓரிரு வாரம் கழித்து, மனம் தெளிந்த பிறகு, அதே படிவத்தை மீண்டும் எடுத்துவைத்து விளக்கும் மையங்கள் மிகச் சில. விதி அதைக் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம்.

மின்னணுப் பதிவேடுகளில், கோப்பை யார் எப்போது திறந்தார், எந்தப் பக்கத்தை எவ்வளவு நேரம் பார்த்தார் என்பதெல்லாம் பதிவாகிறது. கூடுதல் ரகசியம் காக்க வேண்டிய கோப்பைத் திறந்தால், காரணம் எழுதாமல் உள்ளே போக முடியாதபடி ஒரு தடுப்புத் திரை வரும். இருந்தும் எட்டிப் பார்க்கும் ஆசை ஒழிவதில்லை. கலிஃபோர்னியாவின் யூ.சி.எல்.ஏ. மருத்துவ அமைப்பு, பிரபலங்களின் கோப்புகளை ஊழியர்கள் வேலைத் தேவையின்றித் திறந்து பார்த்த விவகாரத்தில் 2011இல் 8,65,500 டாலர் செலுத்தியது. பிரபலத்தின் கோப்பைத் திறந்தால் யாராவது கவனிப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரரின், மைத்துனியின், பிள்ளையின் வகுப்பாசிரியரின் கோப்பைத் திறந்தவர் பிடிபட, யாராவது சந்தேகப்பட்டுப் புகார் தர வேண்டியிருக்கிறது.

நான் காணும் கசிவுகளில் மிகச் சாதாரணமானது கணினியிலும் இல்லை, நீதிமன்றத்திலும் இல்லை. அஞ்சல் உறையில் இருக்கிறது. அமெரிக்காவில் பிள்ளைகள் 26 வயது வரை பெற்றோரின் காப்பீட்டில் இருக்கலாம். எந்த மையத்தில், எந்தத் தேதியில், என்ன சேவைக்குப் பணம் கட்டப்பட்டது என்ற விளக்கக் கடிதத்தைக் காப்பீட்டு நிறுவனம், காப்பீடு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு அனுப்பும். தந்தை உறையைப் பிரிப்பார். கடிதத்தை வேறு முகவரிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க ஹிப்பாவிலேயே வழி இருக்கிறது. வீட்டில் தெரிந்தால் தனக்கு ஆபத்து நேரலாம் என்று சொன்னால், காப்பீட்டு நிறுவனம் அதை ஏற்க வேண்டும். முழுத் தொகையையும் கையிலிருந்தே கட்டிவிட்டு, காப்பீட்டு நிறுவனத்திற்குச் சொல்லாதீர்கள் என்று மையத்திடம் கேட்கவும் உரிமை உண்டு. கையிலிருந்து கட்ட வசதி உள்ளவர்களுக்குத்தான் அது பயன்படும் என்பது வேறு கதை.

காகிதமே இல்லாத இடத்திலும் நிலைமை மோசம்தான். ஃபின்லாந்தின் வஸ்தாமோ உளச்சிகிச்சை நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 33,000 பேரின் பதிவுகளைத் திருடியவன், 2020 அக்டோபரில் நோயாளிகளுக்கே நேராக மின்னஞ்சல் அனுப்பி, ஆளுக்கு 200 யூரோ கேட்டு மிரட்டினான். அமெரிக்காவில் திருட்டே தேவைப்படவில்லை. குடிப்பழக்கத்திற்கு இணையவழிச் சிகிச்சை அளித்த மான்யுமென்ட் என்ற நிறுவனம், எல்லாம் முழு ரகசியம் என்று சொல்லிவிட்டு, வாடிக்கையாளர்களின் தகவல்களை மெட்டா, கூகுள் போன்ற விளம்பரத் தளங்களுக்கு அனுப்பியதாக ஃபெடரல் வர்த்தக ஆணையம் 2024இல் குற்றஞ்சாட்டியது. ‘வாராந்திர சிகிச்சைக்குப் பணம் கட்டினார்’ என்பது போன்ற தலைப்புகளில் அந்தத் தகவல்கள் போயின. உடல்நலத் தகவலை இனி விளம்பரத்திற்காகப் பகிரக் கூடாது என்று ஆணையம் அந்த நிறுவனத்தைக் கட்டுப்படுத்தியது. போன தகவலைத் திரும்ப அழைக்க எந்த ஆணையாலும் முடியாது. கைபேசிச் செயலியில் பெயரையும் பழக்கத்தையும் பதிபவர், அது பார்ட் டூ மையமா, ஹிப்பாவுக்கு உட்பட்டதா, இரண்டும் இல்லையா என்பதை முதல் பக்கத்திலேயே தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சேர்க்கை மேசையில் உட்காருபவர்களுக்கும் அவர்களோடு துணைக்குப் போகிறவர்களுக்கும் நான் வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டு. சிகிச்சைக்கும் கட்டணத்திற்குமான ஒப்புதலோடு, வழக்குகளில் பதிவைப் பயன்படுத்துவதற்கான ஒப்புதலைச் சேர்த்து ஒரே படிவமாக வாங்கப் புதிய விதிகளில் அனுமதி இல்லை. அதற்குத் தனித் தாள், தனிக் கையெழுத்து வேண்டும். கட்டுக்குள் அப்படி ஒரு தாள் இருந்தால், அதை மட்டும் உருவி வெளியே வைத்துவிட்டு மற்றவற்றில் கையெழுத்திடலாம்.